ஏழாம் பீப்பாய்

ஜனவரி. ஒரிகன் கரையில் நண்டுக் காலம்
மூன்றாம் முறையாகத் தள்ளிப்போனது.
ஓட்டுக்குள் இன்னும் சதை பிடிக்கவில்லையாம்.
கூண்டுகளைத் துறையில் அடுக்கிவிட்டு
கை சும்மா இருக்க முடியாத நாங்கள் நால்வர்
பழைய மீன்டப்பா ஆலைக்குள் உட்கார்ந்திருக்கிறோம்
ஐலி ரௌட்டியோ இழுத்துப் போட்ட ஸ்டூல்களில்.

சுவரோரம் பதினொரு பீப்பாய்கள்.
கென்டக்கியில் விஸ்கியில் ஊறி
உட்பக்கம் கரியாகி
ரயிலேறி வந்த ஓக் மரம்.
பதினான்கு மாதமாகக் கறுப்பு பீரைச் சுமக்கிறது.
சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று.
மூடினாலும் உப்புக்காற்று.

போன கோடையில் ஒரு காய்ச்சல் வந்து
ஐலியின் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
காபி அவளுக்குச் சுடுதண்ணீர்.
மீன்துறை வெறும் சத்தம்.
ஊருக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை.
"உங்க நாக்கைக் கொஞ்சம் கடன் குடுங்க"
போனில் அவ்வளவுதான் சொன்னாள்.

குறடால் ஆணியைப் பிடுங்குகிறாள்.
பீப்பாயின் நெற்றியிலிருந்து
கம்பியாய்ப் பாய்கிறது கறுப்பு.
சின்னக் கிளாஸ்கள். இரண்டு வாய்க்கு மேல் கிடையாது.
இது தாகத்துக்குக் குடிப்பதில்லை,
முற்றிய தேறல், பதினாலு சதம்,
மூன்றாவது கிளாஸில் முழங்கால் சொல்லிவிடும்.

"கருகின கிஸ்மிஸ்" என்றார் இழுவைப்படகு ஓர்வில்.
"அடிப்பிடிச்ச மோலே, எங்கம்மா திட்டினதோட சேர்த்து"
என்றாள் ஒஃபேலியா.
எனக்குத் தோன்றியது மழை நனைத்த தார்க்கயிறு.
"தார்க்கயிறு. நல்லதா?"
"நல்லது."
எழுதிக்கொண்டாள், மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி.

நான்காவதில் யாரும் பேசவில்லை.
நாக்கின் நடுவில் வந்து உட்கார்ந்தது,
வனிலா, புகையிலை, ஆறின அடுப்பு,
விழுங்கிய பிறகும் எழுந்து போகாத விருந்தாளி.
தபால்கார நீல்ஸ், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன்,
கிளாஸைப் பார்த்துத் தனியாகச் சிரித்தான்.

பிறகு ஏழு.
வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது.
வினிகர். நகப்பூச்சு. அதற்கும் கீழே
நனைந்த நாய்.
ஓர்வில் கூரையைப் பார்த்தார்.
பாங்க் கடன் இந்தப் பீப்பாய்களின் மேல் நிற்பது
எங்களுக்குத் தெரியும்.
இருநூறு லிட்டர், தொட்டால் உடையும் கணக்கு.

"நல்லாருக்கு" என்றேன்.
நா கூசவில்லை.

ஐலி என் முகத்தைப் பார்க்கவில்லை,
கிளாஸைப் பார்த்தாள்.
நுரை எப்போதோ செத்திருந்தது.
"நாலாவதை வச்சுக்கிட்டே இருந்தே.
இதைக் கீழே வச்சிட்டே."
பிறகு, "ஒஃபேலியா, நீ சொல்லு."

"வினிகர்."

யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.
ஐந்து பேர் சேர்ந்து உருட்டினோம்.
ஒரு காலத்தில் மீன்ரத்தம் ஓடின காங்கிரீட் வாய்க்காலில்
கறுப்பாக ஓடியது பதினான்கு மாதம்.
வாசலில் ஒரு கடற்காகம் குனிந்து அலகை நனைத்து,
தலையை உதறிவிட்டு
எங்களை ஒரு பார்வை பார்த்தது.
முதலில் சிரித்தவள் ஐலி.

காலிப் பீப்பாயில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.
நான்கு தேறியது. ஒன்பதும் தேறும், மார்ச்சில்.
அவள் தேறுவாளா என்பதற்குக்
கோடு போட இடமில்லை.

கிளம்பும்போது நான்காவதிலிருந்து
தனக்கென்று ஒரு கிளாஸ் பிடித்தாள்.
குடித்தாள். காத்திருந்தாள்.
"என்ன தெரியுது?" கேட்டது நான்தான்,
ஆறு மாதத்தில் முதல் ஆள்.

"சூடு. அப்புறம் கனம்.
இருட்டுல யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி."
கிளாஸை என்னிடம் நீட்டினாள்.
"இப்ப நீ சொல்லு. மெதுவா. புளுகாம."

வார்த்தை தேடினேன்.
புகையிலை என்றேன், இல்லை,
அதற்குப் பக்கத்துவீடு என்றேன்.

"நனைஞ்ச கடிதம்" என்றான் நீல்ஸ் கதவருகிலிருந்து,
"பிரிக்காதது."

வெளியே முகத்துவார மிதவை ஊதிக்கொண்டிருந்தது.
அவள் பென்சிலை எச்சில் தொட்டு
அதை எழுதிக்கொண்டாள்.